மூன்றாவது ஆணி

ஒரு காட்டில், குளத்துக்குப் போகிற தடத்தை ஒட்டி ஒரு வேங்கை மரம் நின்றது. அதன் அடியில் காய்ந்த புல்லை ஒதுக்கிச் சின்னக் குழி பறித்து ஒரு கௌதாரியும் அதன் மனைவியும் குடியிருந்தார்கள். கணவன் பெயர் சடையப்பன். மனைவி வெள்ளையம்மாள்.

கௌதாரிக்கு இறக்கை இருக்கிறது. ஆனால் முட்டையிடத் தரைதான். சாயங்காலமானால் அந்தத் தடத்தில் காட்டெருமைகள் தண்ணீருக்குப் போகும். அவற்றுக்கு யார்மேலும் விரோதம் கிடையாது. கீழே பார்க்கிற வழக்கமும் கிடையாது. போன பருவத்தில் வெள்ளையம்மாள் ஏழு முட்டை இட்டாள். ஒரே குளம்படியில் ஏழும் போயின. மிதித்த எருமை திரும்பி, "இங்க ஏதோ வழுக்குது, பாத்து வாங்க" என்று பின்னால் வந்தவர்களை எச்சரித்துவிட்டுப் போனது.

இந்தப் பருவத்தில் ஆறு முட்டை.

"இதுவும் போச்சுன்னா நான் எங்க அண்ணன் இருக்கிற மலைக்குப் போயிடுவேன். நீங்க இந்த மரத்தோடயே குடித்தனம் பண்ணிக்குங்க" என்றாள் வெள்ளையம்மாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சடையப்பனுக்குப் பயமாக இருந்தது.

அவன் மரங்கொத்தியிடம் ஓடினான்.

"ஒரு பலகை செதுக்கித் தரணும் மாப்ளே. 'முட்டை உள்ளது, ஒதுங்கிச் செல்லவும்.' அவ்வளவுதான்."

"எழுத்தைக் குழிச்சு எடுக்கவா, மேல எழும்பி நிக்கிற மாதிரி எடுக்கவா?"

"எது நல்லா இருக்கும்?"

"எழும்பி நின்னாத்தான் கம்பீரம். போறவன் வர்றவன் நின்னு பாப்பான்."

"நின்னு பாக்க வேண்டாம்ப்பா, ஒதுங்கிப் போனா போதும்."

மரங்கொத்தி அதைக் காதில் வாங்கவில்லை. வேலை தெரிந்தவர்கள் வாங்குவதில்லை. விழுந்து கிடந்த தேக்குக் கிளையிலிருந்து பலகை எடுத்து, ஐந்து நாள் கொத்தியது. 'ஒ'வின் சுழிக்கு மட்டும் அரை நாள். ஒவ்வொரு எழுத்தும் கூர்மையாக, வரிசையாக, பல் போல எழும்பி நின்றது.

ஆறாம் நாள் மாட்ட வந்தார்கள். எருமையின் கண் மட்டத்துக்கு உயரம் பார்த்தார்கள். நாளைக்கு மரம் பருத்தால் பலகை பிளந்துவிடக் கூடாதென்று மரத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கட்டை கொடுத்தார்கள். மூங்கில் ஆணியை வைக்கும்போதுதான், அடிமரத்தில் ஓர் ஓணான் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சடையப்பன் பார்த்தான். மரக் காவல் அலுவலகத்து எழுத்தர். மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நினைத்தான்.

"ஐயா, இந்தப் பலகையை இங்க மாட்டிக்கலாமுங்களா?"

ஓணான் மூன்று முறை தலையாட்டியது. மரங்கொத்தி முதல் ஆணியை இறக்கியது.

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?" என்றது ஓணான்.

"உங்களைத்தாங்க. தலையாட்டினீங்களே."

"அது எங்க பரம்பரைக்கே ஆடும். எங்கப்பாவுக்கு இன்னும் வேகமா ஆடும். ஒப்புதல்னா கையெழுத்து." இதைச் சொல்லும்போதும் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

பலகை பறிமுதலானது. சிவப்புச் சாயம் தோய்த்த நீளக் கொடி ஒன்றை எடுத்துவந்து, மரத்தைச் சுற்றிப் பத்தடிக்குப் புதருக்குப் புதர் இழுத்துக் கட்டிவிட்டது ஓணான்.

"ஐயா, உள்ள என் சம்சாரம் அடைகாத்துக்கிட்டு இருக்காளே."

"இருக்கட்டும். அவங்களும் விசாரணையில இருக்காங்க."

அன்றிலிருந்து சடையப்பன் விடிந்ததும் அலுவலகத்தில் வரிசையில் நின்றான். மேலதிகாரி ஆந்தை. அலுவலக நேரம் பகல். ஆந்தை தூங்கும் நேரமும் பகல். கண்ணைத் திறந்தால் கூப்பிடுவார்கள் என்று முயல், அணில், உடும்பு எல்லாரும் காத்திருந்தார்கள். பத்து நாள் கழித்துச் சடையப்பனின் முறை வந்தது.

"மரத்தோட சம்மதக் கடிதம் எங்க?" என்றது ஓணான்.

"மரம் பேசாதுங்களே."

"பேசாதுன்னு யார் எழுதிக் கொடுத்தா?"

"நானே எழுதித் தரேன்."

"நீங்க எழுதினா அது உங்க கருத்து. மூணு மாசம் கேட்டும் மரம் ஆட்சேபம் சொல்லலைன்னு அக்கம்பக்கத்துல நாலு பேர் கையெழுத்து வேணும்."

"மூணு மாசம் ஆகலைங்களே."

"அப்போ ஆனதும் வாங்க."

அன்று சாயங்காலம் மனம் உடைந்து வீட்டுக்குப் போனான். எருமைகள் தண்ணீருக்குப் போய்த் திரும்பியிருக்கும் நேரம். வெள்ளையம்மாள் கிளம்பிப் போயிருப்பாள் என்றே நினைத்தான். கொடிக்கடியில் குனிந்து நுழைந்தபோது, பஞ்சு உருண்டை போல ஆறு குஞ்சுகள் காலைச் சுற்றி ஓடின.

"எப்போ பொரிச்சது?"

"காலையில. நீங்க வரிசையில நின்னீங்க" என்றாள் வெள்ளையம்மாள்.

"எருமைங்க?"

"தினம் வருதுங்க. அந்தச் சிவப்புக் கொடியைப் பாத்ததும் நின்னுடுதுங்க. பெரிய எருமை சொல்லுது, 'டேய், விசாரணை நடக்கிற இடம்டா. கால் வெச்சா சாட்சிக்குக் கூப்பிடுவான். என் மச்சான் போன வருஷம் ஒரு சாட்சிக்குப் போனவன், இன்னும் வரிசையில நிக்கிறான்.' அப்புறம் சத்தம் போடாம அந்தப் பக்கமா சுத்திப் போயிடுதுங்க."

சடையப்பனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பலகை மாட்டாத குறை ஒன்று உள்ளே இருந்துகொண்டே இருந்தது. மூன்று மாதம் காத்திருந்து, நாலு கையெழுத்து வாங்கி, ஆந்தை கண் விழித்த நிமிஷத்தில் நீட்டினான். உத்தரவு வந்தது: 'இரண்டு ஆணிகளுக்கு மிகாமல் மாட்டிக்கொள்ளலாம். விசாரணை முடிந்தது.' ஓணான் கொடியை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனது.

பலகை ஏறியது. மரங்கொத்தி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, தன் 'ஒ'வை வெகுநேரம் பார்த்தது. அந்த வாரம் வெள்ளையம்மாள் அடுத்த தடவைக்கு இரண்டு முட்டை இட்டிருந்தாள்.

சாயங்காலம் எருமைகள் வந்தன. கொடி இல்லை. பெரிய எருமை நேராகப் பலகையிடம் வந்து நின்றது. கண்ணுக்கு நேராக மாட்டிய பலகை, திரும்பி நின்றால் விலாவுக்கு நேராக இருந்தது. எருமைக்குப் படிக்கத் தெரியாது. உடம்பை 'ஒதுங்கி'யில் வைத்து ஒரு தேய் தேய்த்தது. கண் சொருகிப் போயிற்று.

"டேய், வாங்கடா. சொறியறதுக்குன்னே எவனோ புண்ணியவான் பல்லு வெச்சு மாட்டியிருக்கான்."

பதினோரு எருமைகள் வரிசையில் நின்றன. இடத்துக்கு அவை ஒன்றை ஒன்று முட்டித் தள்ளியதில் குளம்படியில் ஒரு முட்டை உடைந்தது. இன்னொன்றை வெள்ளையம்மாள் வயிற்றுக்கடியில் உருட்டிக்கொண்டு புதருக்குள் போனாள்.

எருமைகள் போனதும் சடையப்பன் பலகையிடம் போனான்.

"கழட்டிடறேன்" என்றான் சடையப்பன்.

"பலகையை விடுங்க. அந்தக் கொடி எங்க?"

சடையப்பன் அவளைப் பார்த்தான். பிறகு போய் மரங்கொத்தியைக் கூட்டிவந்து, பலகையின் நட்டநடுவில் மூன்றாவது ஆணி ஒன்றை அடிக்கச் சொன்னான்.

"ரெண்டே தாங்குமே" என்றது மரங்கொத்தி.

"தாங்கறதுக்கு இல்ல மாப்ளே."

அப்புறம் ஒரு தேக்கிலையை எடுத்துவைத்து மொட்டைக் கடிதாசி எழுதினான். 'சடையப்பன் என்னும் கௌதாரி, உத்தரவை மீறி மூன்றாவது ஆணி அடித்திருக்கிறான். பார்வைக்குச் சாது. நம்ப வேண்டாம்.' கீழே, 'இப்படிக்கு, உண்மை விளம்பி.'

வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். "வீட்டு வேலை ஒண்ணும் செய்யறதில்லைன்னும் சேத்துக்குங்க."

"அதுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் எதுக்கு? உண்மையா இருந்தா போதும்."

சேர்த்துக்கொண்டான்.

மறுநாள் வெயில் ஏறுமுன் ஓணான் கொடியோடு வந்துவிட்டது. ஆணிகளை எண்ணியது. தலை ஆடியது.

"உங்களுக்கு ஆகாதவன் யாரோ எழுதியிருக்கான். பேர் போடலை."

"பேர் போடாததை எல்லாம் நம்புவீங்களா ஐயா?"

"அதைத்தான் நம்புவோம். பேர் போட்டு எழுதறவனுக்கு ஏதாவது காரியம் ஆகணும். இவன் உங்களை ரொம்ப நாளா கூடவே இருந்து கவனிச்சிருக்கான். வீட்டு வேலை வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

சடையப்பன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "விசாரணை முடிய எத்தனை நாள் ஆகுங்க?" என்றான்.

"அவசரப்படுத்தாதீங்க."

"ஐயையோ, எனக்கு அவசரமே இல்லைங்க."

சாயங்காலம் எருமைகள் கொடிவரை வந்து நின்றன. பெரிய எருமை பலகையை ஏக்கத்தோடு பார்த்தது. விலா அரித்தது. ஆனாலும் சாட்சிக்குப் போன மச்சானை நினைத்துக்கொண்டு சுற்றிப் போய்விட்டது.

அந்த விசாரணை இன்னும் முடியவில்லை. முடிகிற மாதிரி தெரிகிறபோதெல்லாம் உண்மை விளம்பியிடமிருந்து இன்னொரு இலை வந்து சேர்கிறது. வெள்ளையம்மாள் மலைக்குப் போகவில்லை. கடிதாசியில் என்ன சேர்க்கலாம் என்று சொல்ல அவளிடம் எப்போதும் ஏதாவது இருக்கிறது.

நீதி: அறிவிப்புப் பலகை உன்னைக் காப்பாற்றாது, உன் மேல் நிலுவையில் இருக்கும் புகார் காப்பாற்றும். அதை எதிரி எழுதுவான் என்று காத்திராதே.