பெனால்ட்டி நேரத்தில் ஒரு பொன்னாடை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாரையாவது சுற்றி நாலு பேர் நிற்பதைக் கண்டால், நடுவில் நிற்பவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் என்னால் இருக்க முடியாது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சங்கத்துக்குப் பன்னிரண்டு வருடம் செயலாளராக இருந்ததில் ஒட்டிக்கொண்டது இது. எங்கள் ஃபிளாட் அலுமாரியில் எந்த நேரமும் நாலைந்து பொன்னாடை கிடக்கும். எனக்குப் போர்த்தியதை நான் இன்னொருவருக்குப் போர்த்துவேன். (ஒருமுறை போர்த்தியவருக்கே திருப்பிப் போர்த்திவிட்டேன். அவர் அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்.)

என் மனைவி மலர்விழிக்கு மேடை என்றாலே அலர்ஜி. முப்பத்தொரு வருடம் கணித ஆசிரியை. பாடம் முடிந்தால் பிள்ளைகளோடு வலைப்பந்தாட்டம். ஓய்வு பெற்றால் வீட்டோடு இருப்பாள் என்று நான் கனவு காண, அவள் போய் ஒரு மூத்தோர் அணியில் சேர்ந்துவிட்டாள்.

"உமக்கு இந்த வயசில என்னத்துக்கு விளையாட்டு? முழங்கால் போனா ஆர் பாக்கிறது?" என்றேன்.

"முழங்காலை நான் பாக்கிறன். நீங்கள் ஒருநாள் வந்து மட்ச்சைப் பாருங்கோ. இத்தனை வருசத்தில ஒருக்காலும் வரேல்லயே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் சுட்டது. ஏனென்றால் அது உண்மை.

அவளுடைய அறுபத்தோராவது பிறந்தநாளன்றே இறுதிப் போட்டியும் வந்தது. முப்பத்தொரு வருடப் பாவத்தை ஒரே நாளில் கழுவிவிடலாம் என்று முடிவெடுத்தேன். சங்கத்தில் கூட்டம் என்று பொய் சொன்னேன். சொப்பிங் பைக்குள் ஒரு ரோஜா மாலை, அலுமாரியில் இருந்ததிலேயே புதிய பொன்னாடை. ஓட்டோ பிடித்து ஹெவ்லொக் டவுன் மைதானத்துக்குப் போய், அவள் கண்ணில் படாமல் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

அங்கே நான் கண்டது வேறு ஒரு பெண்ணை. ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுகிறவள், தன்னைவிட அரை அடி உயர்ந்த இரண்டு பேருக்கு நடுவே துள்ளிப் பந்தைப் பிடித்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வளையத்துக்குள் போட்டாள். மறுபடியும் போட்டாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதரிடம், "அது என்ர மனுசி" என்று மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் அவர் தள்ளிப் போய் நின்றார்.

இரண்டு அணியும் சமம். கடைசி நிமிடம். திடீரென்று ஒரு நீண்ட விசில். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எதிரணிக்காரி ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக விலகினாள். (தோற்றுவிட்டாள், பாவம் என்று நினைத்தேன்.) நடுவில் பந்தோடு மலர். சுற்றி ஆட்கள். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஓடினேன். மாலையைப் போட்டேன். பொன்னாடையைப் போர்த்தினேன். "வலைப்பந்தாட்டத்துக்கே தன்னை அர்ப்பணித்த திருமதி மலர்விழி அவர்களை..." என்று தொடங்கியும் விட்டேன்.

"மாத்தயா, எலியட்ட யன்ன!" நடுவர் அம்மா சிங்களத்தில் வெளியே போகச் சொல்லிக் கத்தினார்.

"இஞ்சருங்கோ, மட்ச் முடியேல்ல. இது பெனால்ட்டி," என்றாள் மலர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப ஆர் வெண்டது?"

"நீங்கள் வெளியில போனாத்தான் தெரியும்!"

மாலையையும் பொன்னாடையையும் கழற்றினாள். வைக்க இடமில்லை. என் கழுத்திலேயே மாட்டிவிட்டாள். நடுவர் என் முழங்கையைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார். மைதானமே சிரித்தது. மலர் மட்டும் சிரிக்கவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்தப் பந்து தவறினால் அது என்னால்தான். அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டமாட்டாள். அதை நினைக்க இன்னும் பயமாக இருந்தது.

கண்ணை மூடி ஒருமுறை மூச்சு விட்டாள். எறிந்தாள். பந்து வளையத்தில் தட்டி, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. சில விநாடிகளில் உண்மையான கடைசி விசிலும் வந்தது. நான் விம்மி அழுதேன். வெட்கத்தில் இல்லை, சத்தியமாகப் பெருமையில்.

வெற்றிப் படத்துக்கு அணிக்காரிகள் என்னையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். மாலையும் பொன்னாடையுமாக நான், ஓரத்தில் வியர்வையோடு மலர். அந்தப் படத்தைக் கனடாவில் இருக்கும் மகள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்காபரோ வரைக்கும் வாழ்த்து எனக்கே குவிந்தது. பெரியக்கா தொலைபேசியில் கூப்பிட்டே சொன்னா: "தம்பி, வெண்டது சந்தோசம். ஆனா உனக்கு இந்த வயசில என்னத்துக்கு விளையாட்டு? முழங்கால் கவனம்."

அது நான் வென்ற நாள் என்ற நினைப்பில், இன்றுவரை மலரின் பிறந்தநாளுக்கு முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். எல்லோரும் என் முழங்காலைத்தான் விசாரிப்பார்கள்.

இப்போது நான் ஒரு மட்ச்சும் விடுவதில்லை. தண்ணிப் போத்தல் என் பொறுப்பு. விசில் அடித்தால் அணி முழுக்க ஒரே குரலில், "அங்கிள், இருங்கோ!" என்று கத்தும். மலர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். நான் உட்கார்ந்துவிட்டேன் என்று கண்ட பிறகுதான் எறிவாள்.