யோனா மேலப்பாளையத்தில் இறங்கியதை ஐயரிடம் யார் சொன்னது?

பாளையங்கோட்டை,
வெள்ளிக்கிழமை

கிறிஸ்துவுக்குள் பிரியமான மச்சான் நேசையா அவர்களுக்கு, ஞானசிகாமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம்முடைய தங்கை செல்வக்கனியும் என் மூட்டுவலியும் தேவகிருபையால் சுகமாக இருக்கிறோம். அங்கே நீரும் வீட்டாரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர். உம்ம நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். காரணம் கீழே வருகிறது.

எங்கள் கோயிலுக்குப் புதுசாக ஒரு ஐயர் வந்திருக்கிறாரே, உம்ம சபையில் நாலு வருஷம் போதகராக இருந்து மாற்றலாகி வந்தவர், அவரைப் பற்றித்தான். பழைய ஐயர் பிரசங்கம் எருசலேமில் ஆரம்பித்து எருசலேமிலேயே முடியும், நாமும் நிம்மதியாகக் கண்ணசரலாம். இவரோ வேதத்தில் உள்ளவர்களை எல்லாம் பஸ் ஏற்றித் திருநெல்வேலிக்குக் கூட்டி வந்துவிடுகிறார். அதுகூடப் போகட்டும். வருகிற அத்தனை பேரும் நேராக என் வீட்டுக்கே வருகிறார்களே, அங்கேதான் எனக்கு உதைக்கிறது.

முதல் ஞாயிறு ரூத். "மோவாப் தேசம் எங்க இருக்கு? மேலப்பாளையம் தாண்டிப் போற பஸ்ல ஏறினா முக்கால் மணி நேரம். வேற சாமி கும்பிடுத வீட்டுப் பிள்ளைதான் ரூத். பெத்லகேம்காரங்க அவளை ஊருக்கு வெளிய நிப்பாட்டி வச்சாங்களா? இந்தக் காலத்துல ரூத் மருமகனாவும் வருவான்" என்கிறார். எங்கள் மகள் ஹெப்சிபா, கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பத்தமடை செந்தில்முருகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டது ஊருக்கே தெரியும். சரி, தற்செயல் என்று விட்டேன்.

அடுத்த ஞாயிறு கெட்ட குமாரன். "வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வாரதைத் தூரத்துல பாத்ததும் அந்தத் தகப்பன் கட்டிப்பிடிக்க ஓடினான். நம்ம தகப்பன்மார் எங்க ஓடுதாங்க? பிள்ளை நம்பரை பிளாக் பண்ணிட்டு, அது கூப்பிட்டுச்சான்னு பிளாக் லிஸ்ட்டை எடுத்து எடுத்துப் பாக்காங்க." எனக்கு வேர்த்துவிட்டது மச்சான். நான் அப்படிப் பார்ப்பது செல்வக்கனிக்குக்கூடத் தெரியாது. ஐயர் உம்ம சபையிலிருந்து வந்தவராயிற்றே என்று அன்றைக்குத்தான் உம்ம நம்பரையும் பிளாக் பண்ணினேன்.

உம்ம தங்கையை விசாரித்தேன். "நான் எதுக்குச் சொல்லப் போறேன்? உங்க சத்தத்துல எனக்குப் பேச ஏது நேரம்" என்றாள். பிறகு ஆண்டவரிடம் முறையிட்டேன். விடியற்காலம் ஐந்து மணிக்கு மேற்கு ஜன்னலோரம் முழங்காலில் நிற்பது என் வழக்கம். மதிலுக்கு அந்தப்புறம் ஐயர் குடியிருக்கிற குருமனை, அமைதியான இடம். வேறு சத்தம் தொந்தரவு பண்ணாதபடி காது மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு, ரகசியமாக, முணுமுணுப்பாகத்தான் ஜெபிப்பேன்.

போன ஞாயிறு யோனா. அதைச் சொல்லும் முன் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஹெப்சிக்கு ஏழாம் மாசம் என்று காதில் விழுந்தது. தலைப்பிரசவத்துக்குக்கூடத் தாய்வீடு இல்லாமல் அவள் இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. முந்திரிக்கொத்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பத்தமடை பஸ் ஏறினேன். மேலப்பாளையத்தில் ரோஷம் வந்து இறங்கிவிட்டேன். பொட்டலத்தை அங்கே நின்ற எங்கள் தெரு ஆட்டோக்கார அசன் மைதீனிடம் கொடுத்து, அவர் ஆட்டோவில் வீடு திரும்பினேன். ஐயர் சொல்கிறார்: "யோனா, ஆண்டவர் போகச் சொன்ன நினிவேக்கு டிக்கெட் எடுத்துட்டு மேலப்பாளையத்துல இறங்கிட்டான். பலகாரத்தையும் ஆட்டோக்காரர்ட்ட குடுத்துட்டான்!" சபை முழுக்கச் சிரித்தது. சந்தேகம் வரக்கூடாதென்று நானும் சிரித்தேன்.

மறுநாளே அசன் மைதீனைப் பிடித்தேன். "ஏம்வே, எங்க ஐயர்ட்ட ஏதும் சொன்னீரா?"

"உங்க ஐயரை நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி. முந்திரிக்கொத்து நல்லா இருந்துச்சு. ஆனா மகளுக்கு வாங்குனதை மகள்ட்டயே குடுத்திருக்கலாம்லா?"

ஆக மிச்சம் இருப்பது நீர் ஒருவர்தான். எப்படித் துப்பறிந்தீரோ தெரியாது, ஐயருக்கு ஓதுகிறவர் நீர்தான். இத்தோடு நிறுத்தாவிட்டால் பிஷப்புக்கு எழுதுவேன். ஹெப்சியை வா என்று நான் கூப்பிடவே மாட்டேன். அவளாக வந்தால் கதவைச் சாத்த மாட்டேன், அது வேறு விஷயம்.

வீட்டில் பெரியவர்களுக்கு ஸ்தோத்திரமும் சின்னவர்களுக்கு என் ஆசீர்வாதமும் சொல்லும். கர்த்தர் உம்மைக் காப்பாராக, உம்ம நாவையும் சேர்த்து.

இப்படிக்கு,
மன வருத்தத்துடன்,
ஞானசிகாமணி

பி.கு. சனிக்கிழமை காலை. உறையை ஒட்டுவதற்குள் ஐயர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஐயா, இன்னைக்கு ஜெபத்துல 'ஹெப்சி'ன்னதும் நிறுத்திட்டீங்களே, உடம்புக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். அப்புறம்தான் செல்வக்கனி வாயைத் திறந்தாள். மூன்று மாசமாகத் தெருவே என் ஜெபத்தில்தான் எழும்புகிறதாம். நேற்றைய ஜெபத்தைப் போனில் பிடித்து ஹெப்சிக்கும் அனுப்பியிருக்கிறாள். அவளைத் திட்ட வாயெடுக்கிறேன், வாசலில் அசன் மைதீன் ஆட்டோ. மருமகன் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பைய இறங்குகிறாள். இந்த மூட்டுவலியை வைத்துக்கொண்டு நான் ஓடினேன் மச்சான். அவள் ஏதோ சொன்னாள், ஓடின வேகத்தில் காது மிஷின் கழன்று விழுந்துவிட்டது. "அப்பா, ஓடாதீங்க, விழுந்திருவீங்க" என்றாளாம். உம்ம நம்பரைத் திறந்துவிட்டேன், கூப்பிடும்.