இரண்டு டம்ளர் கஷாயம்

"முந்நூத்தி நாப்பத்தெட்டு! இது சக்கரையா, இல்ல வீட்டு நம்பரா?"

"கத்தாதே, லேப்ல ஏதாவது தப்பா..."

"மூணு மாசமா நான் கஷாயம் காய்ச்சிக் குடுக்கறேன். குடிச்சீங்களா, தொட்டியில ஊத்தினீங்களா?"

"குடிச்சேன்! சத்தியமா..."

"சத்தியம் வேற!"

பள்ளிப் பேருந்து ஓட்டுநர் மனைவி கையிலிருந்த லேப் சீட்டைப் பிடுங்கி மறுபடி பார்த்தார். கஷாயம் தொட்டிக்குத்தான் போயிருந்தது. அவர் வயிற்றுக்குள் போனது பேருந்து நிலையத்து கிரீம் பன். சர்க்கரை இருநூறைத் தாண்டினால் முதலாளி வண்டிச் சாவியைத் தரமாட்டார். அதனால்தான் துடைப்பக்குச்சி மாதிரி இருக்கும் மனைவியின் தம்பியைத் தன் பெயரில் ரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தார். அந்தக் குச்சிக்கா முந்நூத்தி நாப்பத்தெட்டு?

மனைவி அவரைக் கஷாயப் பொடி தரும் நாட்டு வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். தம்பிக்கு வேலையும் அங்கேதான். பின்கட்டில் மருந்து இடித்துக்கொண்டிருந்தான்.

சீட்டைப் பார்த்த வைத்தியர் அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இத்தனையா?"

"நீங்களே பயந்தா நாங்க எங்க போறது?" என்றாள் மனைவி.

"இனிமே காலையும் சாயங்காலமும் குடிக்கணும். பன், பிஸ்கட் எதையும் தொடக்கூடாது. டாக்டர் குடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

வைத்தியர் இரண்டு டம்ளரில் கஷாயம் ஊற்றினார். ஒன்றை ஓட்டுநரிடம் நீட்டிவிட்டு, மற்றதைத் தானே மடக்மடக்கென்று குடித்தார்.

"எனக்குத் துணைக்கா?" என்றார் ஓட்டுநர், முகத்தைச் சுளித்தபடி.

"ஆமா, ஆமா. துணைக்குத்தான்."

கிளம்பும்போது ஓட்டுநர் பின்கட்டுக்கு நழுவினார். "டேய், ஒரு வாரம் கழிச்சு மறுபடி போ. வெறும் வயித்தோட போகணும், தெரியுதா?"

"சரி மாமா." மைத்துனன் உரலைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அடுத்த வாரச் சீட்டு: முந்நூற்று எழுபத்திரண்டு.

இந்தத் தடவை மனைவி கத்தவில்லை. கையிலிருந்த போனை மேசைமேல் வைத்தாள்.

"உங்க முதலாளிக்கு போன் பண்ணிட்டேன்."

"என்னன்னு?"

"நாப்பது குழந்தைங்க ஏறுற வண்டி, இவர் கையில சாவியைக் குடுக்காதீங்கன்னேன்."

"அடிப்பாவி! என் வேலையில மண்ணை அள்ளிப் போட்டியே! அது என் ரத்தமே இல்லடி! உன் தம்பி ரத்தம்!"

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பிக்கா? இருபத்தாறு வயசுலயா? ஐயோ, இன்னும் கல்யாணம்கூட ஆகலையே!"

அந்த நேரம் பார்த்து, தலையெல்லாம் மருந்துப் பொடியோடு தம்பி உள்ளே வந்தான். அக்கா ஓடிப்போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தலை சுத்துதாடா? கால் மரத்துப்போகுதா?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. நான் லேப் பக்கமே போகல. எனக்குத்தான் ஊசியப் பாத்தாலே மயக்கம் வருமே!"

"அப்போ இது யார் ரத்தம்டா?" ஓட்டுநர் இரண்டு சீட்டையும் ஆட்டினார்.

"ரெண்டு தடவையும் வைத்தியர்தான் மாமா போனாரு. 'என் பேர்ல சீட்டு வந்தா அப்புறம் எவன்டா என்கிட்ட கஷாயம் வாங்குவான்? உன் மாமா பேரே இருக்கட்டும்'னாரு."