மேசை சாரும் என் முழங்காலும்

நாகர்கோவிலில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். முழங்கால் முட்டி வழியாக அதை உள்ளே ஏற்றியவர் உலகத்திலேயே மேசை சார் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் பதில் மேசைக்கு அடியிலிருந்துதான் வந்திருக்கும்.

இரண்டாயிரத்தெட்டு என்று ஞாபகம். கடியப்பட்டணத்தில் ஓர் ஐஸ் பிளாண்டில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். குவைத்தில் சரக்கு அடுக்கும் ஒரு கிட்டங்கிக்கு ஸ்டோர்கீப்பர் தேவை என்றார்கள். நாற்பது தாண்டியவனைத் தொடமாட்டார்களாம். எனக்கு முப்பத்தொன்பதே முக்கால். ஏற்கெனவே இரண்டு இன்டர்வியூவில் வாயைத் திறந்து, வெறும் காற்றை விட்டுவிட்டு வந்தவன். இதுவும் போனால் ஆயுள் முழுக்க ஐஸ்தான்.

வடசேரியில் ஒரு தையல்கடை மாடியில் வகுப்பு. சாருக்கு என்னைவிடப் பதின்மூன்று வயது குறைவு. என்னைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அண்ணே, மேசைக்க மேல ஏறுங்க."

ஏறினேன். 'ஆன்ட்டு' என்று கத்தச் சொன்னார். குதித்தால் 'ஆஃப்', அடியில் தவழ்ந்தால் 'அண்டர்', கதவு வழியே ஓடினால் 'த்ரூ'. கால் செய்யாததை வாய் சொல்லக்கூடாது என்பது அவருடைய சட்டம். உட்கார்ந்தபடியே 'இன்டு' என்று சொன்ன ஒரு நர்ஸை, பீரோவுக்குள் போய்ச் சொல்லிவிட்டு வரச்சொன்னார். அந்தப் பெண் இப்போது லண்டனில் இருக்கிறாளாம். பீரோ இன்னும் வடசேரியில்தான் இருக்க வேண்டும்.

'அக்ராஸ்' பாடத்துக்கு வகுப்பில் இருந்த பதினோரு பேரையும் ரோட்டில் இறக்கினார். குறுக்கே கத்திக்கொண்டே போனோம். பஸ்ஸை நிறுத்திய டிரைவர், என்ன போராட்டம் என்று விசாரித்தார். ப்ரிப்பொசிஷன் என்றேன். ஏதோ புதுக்கட்சி போலிருக்கிறது என்று அவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

இரண்டு வாரத்தில் மூன்று பேண்ட் முட்டியில் கிழிந்தது. வீட்டுக்காரி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இங்கிலீசு படிக்கத்தான் போறியளா, இல்ல மாதா கோயிலுக்கு முட்டியில போற நேர்ச்சை ஏதும் உண்டா?"

இன்டர்வியூ ஒரு லாட்ஜ் ஹாலில். எதிரே மூன்று பேர். ஸ்டோரில் தீப்பிடித்துவிட்டது, உள்ளே இருபது ஆட்கள், எப்படி வெளியே கொண்டுவருவாய் என்று நடுவில் இருந்தவர் இங்கிலீஷில் கேட்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பன் பெயர்கூட மறந்துவிட்ட அந்த நிமிடத்தில், கால் மட்டும் தானாக எழுந்தது.

கால் நகர்ந்ததும் வாய் திறந்தது. "அவுட் ஆஃப் த சேர்ஸ்!"

நான் கத்திய கத்தலில் மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். 'த்ரூ த டோர்' என்றேன், போனார்கள். 'அலாங் த வராண்டா', 'டவுன் த ஸ்டெப்ஸ்', 'அக்ராஸ் த ரோட்'. பின்னால் ஆடு மேய்ப்பவன் மாதிரி நான். பாதி சவரத்தில் இருந்த, லாட்ஜில் தங்கியிருந்த ஒருவரும் சோப்பு நுரையோடு சேர்ந்துகொண்டார். எதிர்ச்சாரி டீக்கடைக்கு வந்த பிறகுதான், நிஜத்தில் தீ இல்லை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. நடுவில் இருந்தவர் மூச்சு வாங்கியபடி என் பேப்பரை டீக்கடை மேசையில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

குவைத்துக்குப் போய் ஆறாவது மாதம், நிஜமாகவே வயர் கருகிக் கிட்டங்கி முழுக்கப் புகை. உள்ளே நான்கு தேசத்து ஆட்கள். வாசல் வாசலாகக் கத்தினேன். ஒரு வார்த்தை பிசகவில்லை, ஓர் ஆளும் குறையவில்லை.

அன்று சாயங்காலமே மேசை சாருக்குப் போன் போட்டேன். எந்த வாசலில் எந்த வார்த்தை சொன்னேன் என்று கால்மணி நேரம் வரிசையாக ஒப்பித்தேன். மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும் அண்ணே," என்றார். "நீங்க வெளிய வந்தியளா?"

வந்துவிட்டேன் சாரே என்று சொல்லத்தான் நினைத்தேன். கால் முந்திக்கொண்டது; அறை வாசலைத் தாண்டி நின்று, "அவுட், சாரே" என்றேன்.