சுருக்கக் கூடாத செய்தி

மனித குலத்தின் மாபெரும் சாதனைகள் மலையுச்சியிலும் நிலவிலும் நடந்ததாகப் பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. தவறு. அவற்றுள் தலையாயது ஸ்டாவங்கர் நகரில், எங்கள் எண்ணெய் நிறுவனத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், ஒரு மழை நாளில் நடந்தது. மழை நாள் என்றது வழக்கத்துக்காக; இங்கே வேறு நாள் கிடையாது. ஊழியர்கள் படிக்கும் செய்தி இதழான உள்மடலை எழுதுகிறவன் என்ற முறையில் அங்கே உட்கார்ந்திருக்கும் பேறு எனக்கு வாய்த்தது.

விஷயம் இதுதான். கடலுக்கு நடுவே எங்கள் எண்ணெய்த் துளைப்பு மேடை நிற்கிறது. அங்கிருந்து கடலடிப் பாறையைத் துளைத்துக்கொண்டு ஒரு குழாய் இறங்குகிறது. அதன் நுனியில் இருக்கும் கருவிக்கு எல்லாம் தெரியும்: பாறை எப்படி, சூடு எவ்வளவு, வாயு எந்த அழுத்தத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தெரிந்ததை மேலே சொல்லத்தான் வசதி போதாது. கம்பி கிடையாது. குழாய்க்குள் ஓடும் சேற்றுக் குழம்பைத் தடுத்துத் தடுத்து விட வேண்டும். அந்தத் துடிப்புகளாகத்தான் சேதி மேலே வரும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற வேகம்தான் அதன் உச்ச வேகம்.

ஆகவே சுருக்க வேண்டும். சுருக்குவதற்கென்றே எங்களிடம் ஐலிஃப் என்ற பொறியாளர் இருந்தார். சிக்கனமான மனிதர், சிரிப்பைக்கூடப் பாதியில் நிறுத்திவிடுவார். போன தடவை சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது, மாறினால் மட்டும் சொன்னால் போதும் என்பது அவர் கொள்கை. அதன்படி சூடு சுருங்கியது, பாறை சுருங்கியது, குழாயின் சாய்வு சுருங்கியது. கொஞ்சம் இடம் மிச்சமானது. அந்த இடத்தை வாயு அழுத்தத்துக்குக் கொடுக்கலாம் என்றார் ஐலிஃப்.

அப்போதுதான் பாதுகாப்புப் பிரிவின் தலைவி தோர்குன் பேனாவைக் கீழே வைத்தார்.

"நம்ம கூட்டமெல்லாம் எதுல ஆரம்பிக்குது?"

"பாதுகாப்பு நிமிடத்துல" என்றோம் ஒரே குரலில்.

எந்தக் கூட்டமானாலும் முதலில் ஒருவர் எழுந்து ஓர் அறிவுரை சொல்வார். அதற்குத்தான் அந்தப் பெயர். அன்று காப்பிக் கோப்பைக்கு மூடி போடுவது பற்றிக் கேட்டு நெகிழ்ந்திருந்தோம்.

"அப்போ கருவி அனுப்புற சேதி மட்டும் ஏன் மொட்டையா ஆரம்பிக்குது?"

பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லும் நாக்கு எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் முளைக்கவில்லை. ஐலிஃப் மட்டும் கொஞ்சம் நெளிந்தார்.

"சரி தோர்குன், அதையும் ஒரே எழுத்தாச் சுருக்கிடறேன்."

"பாதுகாப்புல சமரசம் கிடையாது, ஐலிஃப். சுருக்கமும் கிடையாது. முழு வாக்கியமாப் போகணும்."

கையைத் தூக்கி வாக்களிப்பது எங்கள் பழக்கமல்ல. எல்லோரும் ஒத்துப்போகும்வரை காப்பி குடிப்போம். இரண்டாவது குடுவை காலியானபோது எல்லோரும் இந்த ஊர் வழக்கப்படி மூச்சை உள்ளே இழுத்தபடி "யா", அதாவது ஆமாம், என்றோம். பூமியின் வயிற்றிலிருந்து வரும் ஒவ்வொரு சேதியும் இனி ஒரு 'பாதுகாப்பு நிமிட'த்துடன் தொடங்கும் என்று முடிவாயிற்று. அந்த மாத வாசகம்: 'இருட்டுக் காலம் வந்துவிட்டது, நாயை நடத்திச் செல்லும்போது ஒளிரும் பட்டை அணியுங்கள்.' எனக்குக் கண் கலங்கியது. வாயு அழுத்தம் வரிசையில் அதற்குப் பின்னால் நின்றது.

மேடையில் துளையிடும் பொறுப்பாளர் சிக்வார்ட். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய வாய். புதிய முறையைப் பாராட்டி உள்மடலுக்கு இரண்டு வரி கேட்கலாமென்று அவரைக் காணொலியில் கூப்பிட்டோம்.

"எனக்கு நாயே கிடையாதும்மா, தோர்குன்" என்றார்.

"நாய் இல்லாதவங்களுக்கும் அது பொருந்தும்."

"கீழ வாயு முட்டுதா இல்லையான்னு எனக்குத் தெரியணும். மேல வர்ற சேத்தைச் சலிக்கிற அறையில என் ஆளுங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க. வாயு வந்தா முதல்ல அவங்க மூஞ்சிலதான் அடிக்கும்."

"அழுத்தம் மாறினா உனக்குத் தகவல் வரும்" என்றார் ஐலிஃப்.

"எப்ப வரும்?"

"பாதுகாப்பு நிமிடம் முடிஞ்சதும்."

"அது எப்ப முடியும்? ஒரு நிமிஷத்துலயா?"

"அப்படிச் சொல்ல முடியாது. அது சேத்தோட வேகத்தைப் பொறுத்தது."

சிக்வார்ட் தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தப் பாறைக்குள்ள நாயோட நடந்து போறவன் எவன்னு மட்டும் சொல்லுங்கப்பா. நானே இறங்கிப் போய் அவனுக்குப் பட்டை மாட்டிட்டு வரேன்."

"இதுவரைக்கும் அங்க ஒரு சாலை விபத்துகூட நடக்கலை. அந்தப் பேரைக் கெடுத்துடாதே" என்றார் தோர்குன். 'மேடையில் உற்சாக வரவேற்பு' என்று உள்மடலில் எழுதினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை. சனிக்கிழமையானால் மேடையில் வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் சுடுவார்கள். எல்லாத் தளத்துக்கும் வாசனை வரும். சிக்வார்ட்டின் திரையில் எங்கள் வாசகம் எழுத்தெழுத்தாக, ஆடம்பரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. 'நாயை' என்பது வரை வந்திருந்தபோது, சேற்றுத் தொட்டியின் மட்டம் சரசரவென்று ஏறுவதைப் பார்த்துவிட்டார். வாயு குழாய்க் கிணற்றுக்குள் புகுந்துவிட்டது. உடனே கிணற்றின் வாயை மூடும் பொத்தானை அமுக்கினார். இருக்கையை உதவியாளரிடம் விட்டுவிட்டு, சுவாச முகமூடியை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினார். சலிக்கும் அறையில் அவருடைய ஆட்கள் ஹல்டோரும் இங்வால்டும் மயங்கிக் கிடந்தார்கள். ஒருவர் காலரை ஒரு கையிலும் மற்றவர் காலரை மறு கையிலும் பற்றி, படி படியாக இழுத்து, வெளிக்காற்றில் கொண்டுவந்து போட்டார். இருவரும் பிழைத்தார்கள்.

விசாரணை நடந்தது. கருவியை மேலே எடுத்து அதன் நினைவகத்தைத் திறந்தோம். அழுத்தம் ஏறியதை அது வெகு முன்பே கவனித்திருந்தது. சேதியையும் தயாராக வைத்திருந்தது. நாய் கடந்து போகட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தது. 'கடுமையான சூழலிலும் பாதுகாப்பு வாசகம் நாய் வரைக்கும் ஓர் எழுத்துகூடச் சிதறாமல் வந்து சேர்ந்தது' என்று அறிக்கை பெருமிதம் கொண்டது. ஐலிஃபுக்கு நிறுவன விருது கிடைத்தது. தோர்குன் எல்லோருக்கும் பாதாம் விழுது போர்த்திய மர்சிபான் கேக் வெட்டினார்.

குறை ஒன்றே ஒன்றுதான். மேடையின் கேமராப் பதிவில், படியேறும்போது சிக்வார்ட் கைப்பிடியைப் பிடிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. எச்சரிப்பதற்காக அவரை மறுபடியும் கூப்பிட்டோம்.

"ரெண்டு கையிலயும் ஆள் இருந்தான்" என்றார் அவர்.

"ஒரு கை எப்பவும் கைப்பிடியில இருக்கணும், சிக்வார்ட்" என்றார் தோர்குன், மிகுந்த கனிவுடன். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சரி, அடுத்த தடவை பிடிச்சுக்கறேன். ரெண்டு பேர்ல எவனைக் கீழயே விட்டுட்டு வரணும்னு மட்டும் நீங்கல்லாம் ஒத்துப்போய்ச் சொல்லிடுங்க."

கேள்வி நியாயமாக இருந்ததால் வியாழக்கிழமைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதைச் சேர்த்தோம். விவாதம் மிகவும் கண்ணியமாக நடந்தது. அகர வரிசைப்படி போகலாம் என்பதில் இப்போதைக்கு எல்லோரும் ஒத்துப்போயிருக்கிறோம்.