நடைப்பிணங்களின் நடை

டொக்... சர்ர்ர். டொக்... சர்ர்ர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு ஊன்றுகோலும் ஒரு காலும் மாறி மாறிப் போட்ட அந்தச் சத்தத்தில்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் கல்யாணக் கதை ஆரம்பித்தது. அப்போது அவர் இளைஞர். கடை ஏணியிலிருந்து விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டவர். எலும்பு கூடின பிறகும் நொண்டிக்கொண்டே நடைப்பயிற்சிக்கு வந்தார். காரணம், பயிற்சி கொடுத்த பெண். ஒருநாள் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"நேத்து வலது காலை இழுத்தீங்க. இன்னிக்கு இடது காலை இழுக்கிறீங்க. எந்தக் கால்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

அன்றைக்கே மனிதர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவளையே கட்டிக்கொண்டார்.

காலம் போயிற்று. பிள்ளைகள் வளர்ந்து தனித்தனியாகக் குடித்தனம் போனார்கள். அவள் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். வீட்டில் பின்னறை ஒன்று காலியானது. நல்ல வெளிச்சம், நீளமான சுவர். அங்கே இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி நட்டு, நடக்க முடியாதவர்களை நடக்க வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன தையற்காரம்மாவை அவள் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கில்தான் நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா திரும்பும்போதெல்லாம் முழங்கை அலமாரியில் இடித்தது.

ஆனால் பின்னறையை வேறு கூட்டம் பிடித்துக்கொண்டது. பெரிய டிவி, யானை படுத்தது போல ஒரு சோபா, ஜாம்பிகள் என்கிற நடைப்பிணங்களைச் சுட்டுத் தள்ளும் ஒரு வீடியோ கேம். பகலெல்லாம் ஊராரின் கண்ணைச் சோதித்துவிட்டு வந்து, சாயங்காலம் முழுக்கக் கண்ணாடிக்கடைக்காரர் பிணங்களைச் சாகடித்துக்கொண்டிருந்தார்.

"அறை வேணும்ங்க" என்று அவள் கேட்பதும், "பார்க்கலாம்" என்று அவர் சொல்வதும் வாடிக்கையாயிற்று. கடைசியில் அவர் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். இவளுக்கும் இந்த விளையாட்டுப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்துவிட்டால் போதும். அப்புறம் அறையைக் கேட்க ஆள் ஏது?

ஒரு சாயங்காலம் அவளைச் சோபாவில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"என்னங்க, ஒரே இருட்டா இருக்கு?"

"அதான் இதோட அழகு. காதைக் குடுத்துக் கேளு. மூச்சுச் சத்தம் வருதா? எங்கேருந்துன்னு தெரியாது. முதுகு அப்படியே சில்லுங்கும்."

"கேக்குது. சளி நிறைய இருக்கு."

"இப்போ வரும் பாரு... வந்துட்டான்! சுட்டேன்! எப்படி?"

"இவங்க எப்படிச் செத்தாங்க?"

"ஒரு கிருமி."

"செத்தப்புறம் எப்படி நடக்கிறாங்க?"

"அதே கிருமி."

"நல்ல கிருமியா இருக்கே! எங்க நோயாளிங்க உயிரோட இருந்தே கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க."

ஒரு வாரம் தினமும் வந்து உட்கார்ந்தாள். கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்தப் பொத்தான் எதற்கு? ஒரே மச்சத்தோடு எப்படி இத்தனை பேர்? குப்பைத்தொட்டியில் கிடந்த டப்பாச் சாப்பாட்டைத் தின்றால் வெட்டுக்காயம் எப்படி ஆறும்? "அப்படின்னா நான் இத்தனை வருஷம் எதுக்கு உத்தியோகம் பார்த்தேன்?"

கண்ணாடிக்கடைக்காரர் நியாயமான ரசிகர். நிறை குறை இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார். பயம் நிஜம், சத்தம் அருமை, கை சுறுசுறுப்பாகும். ஆனால் கதை பழசு, முகங்கள் திரும்பத் திரும்ப வரும், கதவு மூடியிருந்தால் எதற்கென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"இதுங்களுக்குக் கண்ணு தெரியுமாங்க?"

"தெரியாது. காது மட்டும்தான். ஓடினா, சுட்டா திரும்பும். மெதுவா நடந்தா கண்டுக்காது. அது பெரிய ஓட்டைதான். ஆனா எவன் நடப்பான்? சுடத்தானே விளையாடறோம்!"

"ஓ" என்றாள்.

அந்த "ஓ" அவர் காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டுத் தபால்காரர் மேலே ஏறி வந்தார்.

"அண்ணே, யாரையாவது கொல்றீங்களா? கீழே காது கிழியுது."

"செத்தவங்களைத்தான் தம்பி. வா, வா. சரியான நேரத்துக்கு வந்தே. நீதான் நடுவர்." கண்ணாடிக்கடைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். "இங்க பாரு, ஒரே பேச்சு. இதுல ஒரு ஆஸ்பத்திரிக் கட்டம் இருக்கு. வாசல்லேருந்து மொட்டைமாடி வரைக்கும் நீ சாகாம போயிட்டா அறை உனக்கு. சோபாவை நானே தூக்கிட்டுப் போறேன். செத்தா, இனிமே அறைப் பேச்சே எடுக்கக் கூடாது."

அந்த ஆஸ்பத்திரியில் அவரே செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். மொட்டைமாடியை இன்னும் கண்ணால் கண்டதில்லை. போதாததற்கு, அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விளையாட்டின் கடுமையை உச்சத்துக்கு ஏற்றிவைத்தார்.

அவள் இடுக்கைத் திரும்பிப் பார்த்தாள். அலமாரி மூலையில் தையற்காரம்மா இடித்துக்கொள்ளாதிருக்க அவள் கட்டிவைத்த துணி தெரிந்தது.

"சரி" என்றாள்.

வாசலுக்குள் நுழைந்தாள். நின்றாள். துப்பாக்கி கீழே கிடந்தது, எடுக்கவில்லை.

"என்னம்மா நிக்கிறே? எடுத்துச் சுடு!"

"இருங்க, பார்க்கிறேன்."

"எதைப் பார்க்கிறே?"

"இந்தம்மாவுக்கு இடுப்பு போயிருக்கு. இடது பக்கம் திரும்ப வராது. நாம இடதாலயே போயிடலாம்." ஓடாமல் மெதுவாக நடந்து போனாள். "இவருக்குப் பாதம் தொங்குது. படியேற மாட்டார். நாம படியில நின்னுக்கலாம்." நின்றாள். பிணம் முதல் படியில் முட்டி முட்டி ஓய்ந்தது.

"அட!" என்றார் தபால்காரர்.

"நீ நடுவர். அட போடக் கூடாது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அவருக்கு வியர்த்தது. "வலது பக்கம் போம்மா, வலது பக்கம்!"

"எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க" என்றபடி அவள் இடது பக்கம் போனாள்.

இரண்டாம் மாடியில் ஒரு கிழப் பிணம். சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தது. ஒவ்வொரு கதவு வந்ததும் கை ஒரு கணம் தயங்கி, மறுபடி சுவரைத் தேடியது. அவள் விளையாடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதை வரைஞ்சவர் வீட்டுல யாரோ இப்படி நடந்திருக்காங்க" என்றாள். "அப்பாவோ, யாரோ. பின்னாலேயே நின்னு பார்த்திருக்கார். சும்மா வராதுங்க இந்தக் கை. இவ்வளவு அழகா செஞ்சுட்டு, நாம பார்க்கிறதுக்குள்ள சுடச் சொல்றாங்களே. அதுதான் இதோட பெரிய குறை."

அந்தக் கிழவரைக் கண்ணாடிக்கடைக்காரர் எத்தனையோ முறை சுட்டிருக்கிறார். கிழவருக்கு அப்படி ஒரு கை இருப்பது இவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கீழ்வரிசை எழுத்தைப் படிக்கச் சொல்லுகிற மனிதர்.

கடைசித் தாழ்வாரத்தில் மலை போல ஒரு பிணம் வழியை அடைத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இவரை எனக்குத் தெரியும்!"

"யாரு?"

"முட்டி மடங்கலை, இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போடறார். ராத்திரி சோபாவை விட்டு நீங்க எழுந்து போவீங்களே, அதே நடை. உட்கார்ந்தே இருக்கிறவங்க நடை."

"ஆமாண்ணே" என்றார் நடுவர். "கீழே எங்களுக்குக் கேட்கும். டொக்... சர்ர்ர்னு."

அதற்குள் அவள், தினமும் குளியலறை வாசலில் அவரைச் சுற்றிக்கொண்டு போவது போலவே, அந்த மலையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மொட்டைமாடிக் கதவு திறந்தது. உள்ளே கொட்டியது வெயில். அந்த விளையாட்டில் வெயில் உண்டு என்பதே அவருக்கு இதுவரை தெரியாது.

"நான் கடுமையை உச்சத்துல வச்சிருந்தேன்" என்றார் மெதுவாக.

"தெரியும். அந்தப் பொத்தானை அமுக்கறப்போ நாக்கைக் கடிச்சீங்க."

சோபா கீழே தபால்காரர் வீட்டுக்குப் போயிற்று. டிவியும் கூடவே போயிற்று. பின்னறைச் சுவரில் கம்பி ஏறியது. தையற்காரம்மா இப்போது கோலில்லாமல் நடக்கிறார். அவர் முடித்த பிறகுதான் கண்ணாடிக்கடைக்காரருக்குக் கம்பி பிடித்து நடக்கிற முறை. அதுவரை உட்காரக் கூடாதென்று உத்தரவு.