கைக்குள் இறங்கிய கடல்

2007 கோடையில் மண்டபத்துக் கடற்கரையில் கொட்டகை போட்டிருந்தார் சங்குச் சாமி. ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தது கூட்டம். சிறுநீரகம் கெட்டு, மதுரைக்குப் போய் மெசினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிறவர்களுக்கு இனி மெசினே வேண்டாம் என்றார் சாமி. கேட்கக் கசக்குமா?

டாக்டர் சொன்னதுதான் கசந்தது. இந்த நோயில் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியும், குழாய் விறைத்து இரும்புப் பைப்பு மாதிரி ஆகும், அதற்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் ஓய்ந்துவிடும். தண்ணீரை அளந்து குடி, மெசினைத் தவறவிடாதே என்றார். சாமி அதில் பாதியைத் திருடிக்கொண்டு, சுண்ணாம்பைக் கரைக்கிறேன் என்று சங்குத் தீர்த்தத்தைச் சொம்பு சொம்பாக ஊற்றினார். சங்கைச் சுட்டால் வருவதே சுண்ணாம்பு. சுண்ணாம்பை வைத்துச் சுண்ணாம்பைக் கரைக்கும் மகான்! சங்கு எடுத்துப் பிழைக்கிற கரையில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

அத்தாட்சியும் உண்டு. நோயாளியின் இடது கையில் சங்கை வைத்து ஊதிவிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். தோலுக்கடியில் கர்ரென்று அதிரும். கடல் கைக்குள் இறங்கிவிட்டதாம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மெசினுக்காக டாக்டர் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த கை எப்போதும் அதிரும் என்பது நோயாளிக்குத் தெரியும். முன்னே இருந்தது மெசின் இரைச்சல், இப்போது இருப்பது கடல் இரைச்சல் என்றார் சாமி. அதையும் நம்பினார்கள்.

புதுமடத்துப் பாக்கர் நம்பி மெசினை விட்டார். கால் வீங்கி, மூச்சு முட்டி, இதயம் நின்றது. விசுவாசம் பத்தவில்லை என்று சாமி தீர்ப்புச் சொன்னார்.

மதுரையில் மெசினுக்குப் பாக்கரின் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் நாகநாதன். அவரும் நாளை மெசினுக்குப் போவதில்லை என்று அடம்பிடித்தார். மனைவி ராக்கு சண்டை போடவில்லை. சாமியிடம் போகலாம், ஆனால் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார வேண்டும் என்றாள்.

"சாமிக்குத் தெரியாததா? நீங்க எதுக்குச் சொல்லணும்?"

கொட்டகையில் சாமி வழக்கம்போல் இடது கைச் சட்டையைச் சுருட்டினார், ஊதினார், கண்ணை மூடினார்.

"கடல் எறங்கிருச்சு. தொட்டுப் பாருங்க."

முன்னால் இருந்த கிழவர் தொட்டார். இன்னொருவரும் தொட்டார்.

"ஒண்ணையும் காணோமே சாமி."

"விசுவாசம் பத்தல."

ராக்கு கணவனின் வலது கைப் பொத்தானைக் கழற்றினாள். "இங்கன தொடுங்கய்யா. சாமி ஊதாத கை."

கை கர்ரென்று அதிர்ந்தது. தொட்டவர் வெடுக்கென்று விரலை எடுத்தார்.

"எங்க வீட்டுக்காரரு இடக்கைக்காரரு. சோத்தைத் தவிர எல்லாம் இடது கைதான். அதிகம் புழங்காத கையிலதான் தைப்பாங்களாம், அதான் டாக்டரு வலது கையில தச்சாரு. நான் தெனமும் தொட்டுப் பாக்குறேன், ஒரே இரைச்சல்தான். பாக்கர் பாய்க்கு ஊதுன சங்கு போதும் சாமி."

சாமி பின்பக்கத் தட்டியை விலக்கிக்கொண்டு ஓடினார். எந்தக் கையில் ஊத வேண்டும் என்று சங்கு சொல்லவில்லை போலிருக்கிறது.

மறுநாள் நாகநாதன் மதுரை பஸ்ஸில் ஏறினார். அதே நேரத்தில், மிச்சமிருந்த தீர்த்தத்தை இரண்டு பேர் குடத்தில் மொண்டுகொண்டிருந்தார்கள்.

காதில் வைத்தால் சங்கு இரைவது உள்ளே ஒன்றும் இல்லாததால். இதைப் படிக்கிறவரே, உங்கள் தலைக்குள்ளும் அப்படி இரைந்தால், அதைக் கடல் என்று நினைத்துக் கும்பிடாதீர்கள்.